நீக்கச் சொன்னார்கள், மாட்டேன் என்றார்

அமெரிக்கக் கால்பந்துக் கோச் வேட் பிலிப்ஸ் பெயரை எடுத்தாலே கூடவே ஒரு தீர்ப்பும் வந்துவிடும். "டிஃபென்ஸுக்கு அவரை அடிச்சுக்க ஆள் இல்லை. ஆனா ஹெட் கோச்சா தேறலை." ஹூஸ்டனில் குடியிருப்பதால் இதை அலுவலக மதியச் சாப்பாட்டில், முடிவெட்டும் கடையில், ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் என்று எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறேன். யாரும் கோபத்தில் சொல்வதில்லை. இந்த ஊருக்கு அவர் வீட்டுப் பிள்ளை, பிரியத்தோடுதான் சொல்வார்கள். கணக்கும் அவர்கள் பக்கம்தான் நிற்கிறது. அமெரிக்கக் கால்பந்தின் பெரிய லீகான என்.எஃப்.எல்.லில் பத்து அணிகளில் வேலை பார்த்தவர். தலைமைப் பயிற்சியாளராக 82 வெற்றி, 64 தோல்வி. அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் நாக்-அவுட் ஆட்டங்களில் ஒன்று ஜெயித்து, ஐந்து தோற்றார். அமெரிக்கக் கால்பந்தில் ஒரு கோச்சை எடைபோடுவது நாக்-அவுட் நடக்கும் ஜனவரி மாதத்தில்தான். ஆகவே தீர்ப்பு எழுதியாகிவிட்டது, மேல்முறையீடு கிடையாது. எனக்கு மட்டும் அது பல வருஷமாகச் செரிக்கவே இல்லை. ஒரு மனிதரின் அரை நூற்றாண்டு உழைப்பை இரண்டு வாக்கியத்தில் மடித்து வைக்கிறார்கள், அந்த மடிப்புக்குள் அவருடைய வாழ்க்கையின் மிக முக்கியமான முடிவு மறைந்துபோகிறது.

அந்த முடிவுக்கு வருவதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1947இல் டெக்சஸின் கிழக்கு ஓரம், லூசியானா எல்லையை ஒட்டிய ஆரஞ்ச் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா பம் பிலிப்ஸ் பிறகு பள்ளிக்கூடக் கோச் ஆனார். கோச்சின் பிள்ளைகள் பேங்க் மேனேஜர் பிள்ளைகள் மாதிரி, மாற்றல் வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். வேட் 1966 முதல் 68 வரை ஹூஸ்டன் பல்கலைக்கழக அணியின் லைன்பேக்கர், அதாவது தடுக்கிற பக்கத்தின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர். பில் யோமன்தான் கோச். 1968 நவம்பரில் ஆஸ்ட்ரோடோம் அரங்கில் டல்சா பல்கலைக்கழகத்தை 100-6 என்று அடித்து நொறுக்கிய அணி அது. பந்தோடு வருபவனைச் சாய்ப்பதில், அதாவது டேக்கிளில், அங்கே அவர் வைத்த சாதனை ஒன்று 2011 வரை யாராலும் தொடப்படாமல் நின்றது. புரோ ஆட்டம் வாய்க்கவில்லை. படிப்பு முடிந்த கையோடு அதே பல்கலைக்கழகத்தில் உதவியாளர், அப்புறம் பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் டிஃபென்ஸ் கோச், அங்கிருந்து ஓக்லஹோமா ஸ்டேட், கேன்சஸ். 1976இல் அப்பா தலைமைப் பயிற்சியாளராக இருந்த ஹூஸ்டன் ஆய்லர்ஸ் அணிக்கு வந்து சேர்ந்தார்.

பம் பிலிப்ஸ் பற்றி எங்கள் தெருவில் இருக்கும் வயதானவர்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். கவ்பாய் தொப்பி இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. ஆனால் கூரை போட்ட ஆஸ்ட்ரோடோமுக்குள் மட்டும் தொப்பியைக் கழற்றிவிடுவார், வீட்டுக்குள் தொப்பி போடக்கூடாது என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாராம். கோச் வேலை பற்றி அவர் சொன்ன ஒன்று இந்த நாட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது: ரெண்டே வகைக் கோச்சுகள்தான் உண்டு, நீக்கப்பட்டவன், நீக்கப்படப் போகிறவன். சொன்னதை அவரே அனுபவித்தார். 1980இல் 11 வெற்றி, 5 தோல்வி என்று சீசனை முடித்து, நாக்-அவுட்டில் ரெய்டர்ஸிடம் தோற்றார். டிசம்பர் 31ஆம் தேதி உரிமையாளர் பட் ஆடம்ஸ் அவரை வீட்டுக்கு அனுப்பினார். ஊரே கொண்டாடிய மனிதருக்குப் புத்தாண்டுப் பரிசாக வேலை நீக்கம். அப்பாவின் உதவிக் குழுவில் இருந்த வேடுக்கு அப்போது 33 வயது.

ஒரு சந்து மட்டும்

வேட் பிலிப்ஸ் செய்த வேலை என்ன என்று தெரியாமல் அவரை மதிப்பிடுவதில் அர்த்தம் இல்லை. டிவியில் பந்தின் பின்னாலேயே கண் போவதால் பலர் கவனிக்காத இடம் இது. பந்து நகர்வதற்கு முன் எதிரணியின் முன்வரிசையில் ஐந்து தடியர்கள் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நிற்பார்கள். ஒவ்வொரு இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சந்து. ஓடுகிறவன் அந்தச் சந்துகளில் ஏதாவது ஒன்றின் வழியாகத்தான் வரவேண்டும். தடுக்கிற பக்கம் மூன்று பேரைக் கையை ஊன்றி முன்னால் நிறுத்தி, நான்கு லைன்பேக்கர்களைப் பின்னால் நிற்க வைப்பது ஒரு முறை. அதன் வழக்கமான பாடம் இப்படி இருக்கும்: முன்னால் நிற்கும் மூவரும் எதிரில் இருப்பவனை இரு கையாலும் பிடித்து நிறுத்தி, அவனுக்கு இடப்பக்கச் சந்து, வலப்பக்கச் சந்து இரண்டையும் பார்த்து, பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் விழவேண்டும். பிடி, பார், பிறகு நகர். இதற்கு மலை மாதிரி ஆட்கள் வேண்டும், அவர்கள் புகழுக்கு ஆசைப்படாதவர்களாகவும் இருக்கவேண்டும்.

பிலிப்ஸ் வீட்டுப் பாடம் வேறு. உனக்கு ஒரு சந்துதான். பந்து அசைந்த அந்தக் கணமே அதற்குள் பாய். பார்த்துவிட்டுப் போகாதே, போய்க்கொண்டே பார். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இதற்குள் ஆட்டக்காரனைப் பற்றிய ஒரு நம்பிக்கை இருக்கிறது. அவனுக்கு ஓடத் தெரியும், புகத் தெரியும், அவன் தலையில் ஏழு கட்டளைகளை ஏற்றி அவனை மெதுவாக்காதே என்ற நம்பிக்கை. 2011இல் ஹூஸ்டன் டெக்சன்ஸ் அணி ஜே.ஜே. வாட் என்ற இளைஞரை முதல் சுற்றில் எடுத்தபோது சொந்த ரசிகர்களே கூச்சல் போட்டார்கள். அந்த வருஷம்தான் வேடும் டெக்சன்ஸின் டிஃபென்ஸ் கோச்சாக வந்தார். முந்தைய சீசனில், எதிரணியை முன்னேறவிட்ட யார்டு கணக்கில் 30ஆம் இடத்தில் கிடந்த டிஃபென்ஸ் ஒரே வருஷத்தில் இரண்டாம் இடத்துக்கு வந்தது. 2012 ஜனவரியில், டெக்சன்ஸ் வரலாற்றின் முதல் நாக்-அவுட் ஆட்டத்தில், சின்சினாட்டியின் குவார்ட்டர்பேக், அதாவது ஆட்டத்தை நடத்திப் பந்தை எறிபவர், எறிந்த பந்தை வாட் மூக்குக்கு நேராகப் பறித்துக்கொண்டு 29 யார்டு ஓடி, கோல் கோட்டைத் தாண்டி டச் டவுன் போட்டார். அன்று எங்கள் குடியிருப்பில் ஜன்னல்கள் அதிர்ந்தது நினைவிருக்கிறது. அந்த உயரத்துக்கும் எடைக்கும் வாட்டை எந்தக் கோச்சும் இரண்டு சந்துக்குக் காவல்காரனாக நிறுத்தியிருக்கலாம். நிறுத்தியிருந்தால் 2012இல் 20.5 முறை குவார்ட்டர்பேக்கைச் சாய்த்த வாட்டை நாம் பார்த்திருப்போமா என்பது சந்தேகம்தான்.

இதில் இன்னொன்றும் உண்டு. புதிதாக வரும் கோச் தன் திட்டத்துக்கு ஏற்ற ஆட்களைக் கொண்டுவர இரண்டு மூன்று வருஷம் கேட்பதுதான் வழக்கம். வேட் கேட்டதில்லை. இருக்கிற ஆட்களுக்கு என்ன நன்றாக வருகிறதோ அதைச் செய்யவிட்டார். 1989இல் டென்வர் போனார், அந்த சீசனிலேயே லீகில் மிகக் குறைந்த புள்ளிகளை விட்டுக்கொடுத்த அணி டென்வர். ஊர் ஊராகப் போகும் கோச்சுக்கு நேரம் தரமாட்டார்கள், அதனால் முதல் வருஷத்திலேயே பலன் காட்டும் வித்தையை அவர் கற்றுக்கொண்டார் என்று எனக்குத் தோன்றும். ஒரே ஊரில் இருபது வருஷம் உட்கார்ந்தவருக்கு அந்த வித்தை தேவைப்பட்டிருக்காது.

யாரோ எழுந்துபோன நாற்காலி

ஹெட் கோச்சாகத் தேறவில்லை என்பவர்கள் ஒரு விஷயத்தைப் பார்ப்பதே இல்லை. அவருக்குத் தலைமை நாற்காலி கிடைத்த விதம். 1985 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணியில் பம் பிலிப்ஸ் நான்கு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது பதவி விலகினார், மிச்சத்தை நடத்த மகனை உட்கார வைத்தார்கள். முதல் தலைமைப் பதவியே அப்பா எழுந்துபோன சூடு ஆறாத நாற்காலி. 1993இல் டென்வரில் டான் ரீவ்ஸை நீக்கிவிட்டு வேடை ஏற்றினார்கள். இரண்டு சீசன், அதற்குள் இறக்கிவிட்டார்கள். 1998இல் பஃபலோவில் மார்வ் லெவி ஓய்வுபெற்ற இடம். 2003இல் அட்லான்டாவில் மூன்று ஆட்டம். 2013இல் ஹூஸ்டனில் மூன்று ஆட்டம். வெளியிலிருந்து அழைத்து, வா, இது உன் அணி என்று கொடுத்தது 2007இல் டாலஸ் கவ்பாய்ஸ் மட்டும்தான்.

அட்லான்டா கதையைக் கவனியுங்கள். 2002இல் அங்கே அவரை டிஃபென்ஸ் கோச்சாகக் கூப்பிட்டவர் யார்? டான் ரீவ்ஸ். டென்வரில் எவருடைய நாற்காலியில் வேட் உட்கார்ந்தாரோ அவரேதான். நம் ஊர் அலுவலகங்களில் இப்படி ஒன்று நடந்தால் இரண்டு குடும்பமும் கல்யாணத்துக்குக்கூட அழைத்துக்கொள்ளாது. பத்து வருஷம் கழித்து அந்த மனிதரே தன் அணியின் பாதியை இவர் கையில் கொடுக்கிறார். அப்புறம் கேரி கூபியாக். வேட் டென்வரில் இருந்த காலத்தில் ஜான் எல்வேக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த மாற்று குவார்ட்டர்பேக் அவர். ஹூஸ்டனில் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோது 2011இல் வேடைக் கூப்பிட்டார். 2013 நவம்பர் 3ஆம் தேதி இந்தியானாபொலிஸ் ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்திலேயே கூபியாக் சரிந்து விழுந்தார். ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். இரண்டாவது பாதியை வேட் நடத்தினார். பிறகு கூபியாக்கை நீக்கினார்கள், அடுத்த வருஷம் வேடுக்கும் வேலை இல்லை. 2015இல் கூபியாக் டென்வருக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார், போனதும் மறுபடி வேடைத்தான் கூப்பிட்டார். அப்போது அந்த அணியை நிர்வகித்தவர் எல்வே, இருபது வருஷத்துக்கு முன் வேடிடம் ஆடியவர். ஒருவரை ஒரு முறை வேலைக்கு எடுப்பது திறமைக்காக இருக்கலாம். கூட வேலை பார்த்து, நீக்கப்பட்டதையும் பார்த்து, அதன் பிறகும் திரும்பக் கூப்பிடுகிறார்கள் என்றால் அதற்குத் திறமையைத் தாண்டி ஒரு காரணம் இருக்கவேண்டும். அந்தக் காரணம் பஃபலோவில் இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

பஃபலோ, இரண்டு ஜனவரி

முதல் ஜனவரி, 2000. தேதி 8. நாஷ்வில்லில் டென்னசி டைட்டன்ஸுடன் நாக்-அவுட் ஆட்டம். பஃபலோ பில்ஸ் 11 வெற்றியோடு வந்திருந்தது. சீசன் முழுக்க ஆடிய டக் ஃப்ளூட்டியை உட்காரவைத்து ராப் ஜான்சனை இறக்கினார்கள். அந்த முடிவில் உரிமையாளரின் கை எவ்வளவு என்பது பற்றிப் பஃபலோவில் இன்றும் பேச்சு ஓடுகிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். கடைசி நிமிடத்தில் ஸ்டீவ் கிறிஸ்டி 41 யார்டிலிருந்து உதைத்த உதையில் பில்ஸ் 16-15 என்று முன்னால் வந்தது. மிச்சம் 16 வினாடி. பந்தை எதிரணிக்கு உதைத்து அனுப்பவேண்டும், அவர்களை ஒருமுறை மடக்கவேண்டும், அவ்வளவுதான். லாரென்சோ நீல் பந்தைப் பிடித்து ஃப்ராங்க் வைசெக்கிடம் கொடுத்தார். வைசெக் வலப்பக்கம் நாலு எட்டு போனார். பில்ஸ் ஆட்கள் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. சட்டென்று திரும்பி மைதானத்தின் அடுத்த ஓரத்துக்கு வைசெக் பந்தை எறிந்தார். அங்கே கெவின் டைசன், அவருக்கு முன்னால் திறந்த வெளி. 75 யார்டு. முன்னோக்கி எறிந்திருந்தால் செல்லாது. எறிந்த பந்து முன்னோக்கிப் போனதா இல்லையா என்று நடுவர் திரையில் நெடுநேரம் பார்த்தார். செல்லும் என்று வந்து சொன்னார். 22-16.

அந்த உதையும் அதைத் தடுக்கும் ஏற்பாடும் ஸ்பெஷல் டீம்ஸ் கோச்சின் பொறுப்பு. பதின்மூன்று வருஷமாக அந்த வேலையைப் பார்த்துவந்த புரூஸ் டிஹேவன் சில நாட்களில் நீக்கப்பட்டார். தோல்விக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, கிடைத்தது. வேட் பிலிப்ஸ் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் என்பதால் அந்த நீக்கத்தில் அவருக்கும் பங்கு உண்டு. இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு விருப்பமில்லை.

அடுத்த சீசனில் ரானி ஜோன்ஸ் அந்த இடத்தில் வந்தார். ஸ்பெஷல் டீம்ஸ் இன்னும் மோசமானது. லீகிலேயே அடிமட்டத்தில் இருந்தது என்று சொன்னால் மிகையில்லை. அணி 8 வெற்றி, 8 தோல்வி. 2001 ஜனவரியில் உரிமையாளர் ரால்ஃப் வில்சன் வேடிடம் ஜோன்ஸை நீக்கச் சொன்னார். அணியைத் தொடங்கிய நாளிலிருந்து வைத்திருப்பவர், எண்பது வயதைத் தாண்டியவர், சொன்னால் நடக்கவேண்டிய இடத்தில் இருப்பவர். வேட் மாட்டேன் என்றார். வேட் நீக்கப்பட்டார்.

அவ்வளவுதான் நிகழ்ச்சி. இரண்டு வரிச் செய்தி. அந்த அறையில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று கற்பனை செய்து எழுத நான் முயலப்போவதில்லை. ஆனால் தராசில் இருந்தவை நமக்குத் தெரியும். ஒரு தட்டில் மூன்று சீசனில் 29 வெற்றி பெற்ற தலைமைப் பதவி, உலகத்திலேயே 31 பேருக்கு மட்டும் அன்று இருந்த வேலை. இன்னொரு தட்டில், அந்த வருஷம் தன் வேலையை உண்மையிலேயே சரியாகச் செய்யாத ஓர் உதவிக் கோச். வேட் காப்பாற்ற நின்றது அநியாயமாகப் பழி விழுந்த அப்பாவியை இல்லை. புள்ளிவிவரம் ஜோன்ஸுக்கு எதிராகத்தான் இருந்தது. அதனால்தான் இந்தக் கதை எனக்கு முக்கியமாகப் படுகிறது. குற்றமற்றவனுக்காக நிற்பதை எல்லோரும் மெச்சுவார்கள். தோற்றுப்போன சக ஊழியனுக்காக, ‘அவன் தோல்வி என் தோல்வி, கணக்கை என்னிடம் தீர்த்துக்கொள்’ என்று நிற்பதற்குக் கைதட்டல் கிடைக்காது. முந்தைய வருஷம் டிஹேவன் போனது அவர் மனதில் இருந்திருக்கும் என்று நான் நம்புகிறேன். அது என் ஊகம்தான்.

இதனால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். ஒருவருக்கும் இல்லை. ஜோன்ஸின் வேலையும் தப்பவில்லை. புதிதாக வந்த கிரெக் வில்லியம்ஸ் தன் ஆட்களோடு வந்தார். நாஷ்வில் ஆட்டத்தன்று டைட்டன்ஸின் டிஃபென்ஸ் கோச்சாக எதிர்ப்பக்கம் நின்றவர் அவர். வேட் 2001 முழுக்க வேலையில்லாமல் இருந்தார். அடுத்த முழுத் தலைமைப் பதவி கிடைக்க ஆறு வருஷம் ஆனது. பஃபலோவுக்கும் நல்லது நடக்கவில்லை. அடுத்த சீசனில் 3 வெற்றி, 13 தோல்வி. நாஷ்வில்லுக்குப் பிறகு பில்ஸ் மறுபடி நாக்-அவுட் ஆட்டம் ஒன்றைப் பார்த்தது 2018 ஜனவரியில்தான்.

நான் இதை முதலில் படித்த காலம் 2016இன் தொடக்கம். எண்ணெய் விலை தரையைத் தொட்டு, ஹூஸ்டனில் கம்பெனி கம்பெனியாக ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. நான் இருந்த இடத்திலும் ஒவ்வொரு மேனேஜரும் தன் குழுவிலிருந்து ஒரு பெயரைக் கொடுக்கவேண்டும் என்று மேலிருந்து வந்தது. எங்கள் மேனேஜர் மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர், யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் ஆளாக வந்து பாத்திரம் தூக்குவார். கடைசியாக வந்து சேர்ந்த பையனின் பெயரைக் கொடுத்தார். விசாவில் இருந்தவன், வேலை போனால் நாடும் போகும். அன்று மாலை கார் நிறுத்துமிடத்தில் என்னிடம், "நான் குடுக்கலைன்னா அவங்களே யாரையாவது எடுத்திருப்பாங்க தம்பி. என்னையும் சேர்த்து அனுப்பியிருப்பாங்க. யாருக்கு என்ன பிரயோஜனம், சொல்லு" என்றார். "தெரியலைண்ணே" என்று மட்டும் சொன்னேன். அவர் சொன்னது முழுக்க உண்மை. பஃபலோவில் நடந்தது அப்படியே அதுதான். மறுத்தவனும் போனான், யாருக்காக மறுத்தானோ அவனும் போனான்.

ஆனால் அதற்குப் பிறகு எங்கள் குழுவில் நடந்ததை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன். வேலை நின்றுவிடவில்லை. யாரும் மேனேஜரிடம் முகம் கொடுக்காமல் போகவில்லை. ஒன்றே ஒன்று மாறியது. தப்பு நடந்தால் அவரிடம் யாரும் சீக்கிரம் சொல்வதில்லை. முன்பெல்லாம் காலையில் ஒரு கணக்கு உதைத்தால் பத்து நிமிடத்தில் அவர் மேசைக்குப் போய் நிற்போம். இப்போது அவரவர் மூடி மூடி வைத்து, தாமே சரிசெய்யப் பார்த்து, முற்றிய பிறகுதான் வாயைத் திறந்தார்கள். அடுத்த பட்டியலில் யார் பெயர் என்ற கணக்கு எல்லோர் தலையிலும் ஓடியது. மறுப்பதால் யாருக்குப் பிரயோஜனம் என்ற கேள்விக்கு அங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு.

இப்போது டிஃபென்ஸ் கோச்சின் அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு லைன்பேக்கர் தன் சந்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் நின்றான், ஓட்டக்காரன் அந்த வழியாக 40 யார்டு போய்விட்டான். ஓரத்துக்கு வந்ததும், ‘கோச், நான்தான் தப்பாகப் படித்தேன்’ என்று அவன் அந்த நொடியே சொன்னால் அடுத்த முறை சரிசெய்யலாம். பெஞ்சில் உட்காரவைத்துவிடுவார்களோ என்று பயந்து வாய்மூடினால் அதே ஓட்டை வழியாக இன்னொரு 40 யார்டு போகும். கோச்சின் மேல் பயமில்லாத அணிகளாக வேடின் அணிகள் இருந்தன என்பதை அவரைப் பிடிக்காதவர்களும் சொல்வார்கள். மென்மையானவர் என்பதுதான் அவர்மேல் உள்ள நிரந்தரப் புகார். டாலஸில் அந்தப் புகாருக்கு ஆதாரமும் கிடைத்தது. 2007இல் 13 வெற்றி, முதல் நாக்-அவுட்டிலேயே நியூ யார்க் ஜயன்ட்ஸிடம் தோல்வி. 2010இல் எட்டு ஆட்டத்தில் ஏழு தோல்வி, கடைசியாக கிரீன் பேயிடம் 45-7. மறுநாளே நீக்கினார்கள். அந்த வருஷத்து டாலஸ் அணிக்கு அதட்ட ஒருவர் தேவைப்பட்டார், அவர் அந்த ஆள் இல்லை. இதை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சங்கடம் இல்லை. அதே குணம் இன்னோர் இடத்தில் என்ன செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்கிறேன்.

மறுபடி டென்வர்

1990 ஜனவரியில் டென்வரின் டிஃபென்ஸ் கோச்சாக அவர் போன முதல் சூப்பர் பவுலில், அதாவது லீகின் இறுதி ஆட்டத்தில், ஜோ மான்டனாவின் சான் பிரான்சிஸ்கோ 55-10 என்று அடித்தது. சூப்பர் பவுல் வரலாற்றில் வேறு எந்த அணியும் 55 புள்ளி எடுத்ததில்லை. அதே டென்வரோடு, 68 வயதில், 2016 பிப்ரவரி 7ஆம் தேதி சான்டா கிளாராவில் 50ஆவது சூப்பர் பவுல். எதிரில் சீசனில் சரியாக 500 புள்ளிகள் குவித்த கரோலினா பேந்தர்ஸ், ஒரே ஓர் ஆட்டம் தோற்ற அணி. டென்வர் குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங்குக்கு அது கடைசி ஆட்டம், கையில் பழைய பலம் இல்லை. அன்று டென்வர் நகர்த்தியது மொத்தமே 194 யார்டு. அவ்வளவு குறைவாக நகர்த்தி எந்த அணியும் சூப்பர் பவுல் ஜெயித்தது இல்லை. ஜெயித்துக் கொடுத்தது டிஃபென்ஸ்.

முதல் கால் பகுதியில் வந்த அந்த ஆட்டத்தை நான் எத்தனையோ தடவை திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறேன். கேம் நியூட்டன் தன் கோல் கோட்டுக்குப் பக்கத்தில் பந்தோடு பின்வாங்குகிறார். ஓரத்திலிருந்து வான் மில்லர் வருகிறார். எதிரில் நிற்பவன் தோளைத் திருப்புவதற்குள் அவன் இடுப்பளவுக்குக் குனிந்து சுற்றி வந்துவிடுகிறார். நியூட்டனைக் கட்டிப்பிடித்துச் சாய்க்கவில்லை, கையை நேராகப் பந்துக்கு விட்டுப் பிடுங்குகிறார். பந்து கோல் பகுதிக்குள் உருள்கிறது, மாலிக் ஜாக்சன் அதன்மேல் விழுகிறார். 10-0. நாலாவது கால் பகுதியில் மில்லர் மறுபடி பந்தைத் தட்டிவிட்டார். 24-10. டெமார்கஸ் வேர் அன்று இரண்டு முறை நியூட்டனைச் சாய்த்தார். டாலஸில் வேடின் கீழ் ஆடியபோது ஒரே சீசனில் 20 முறை சாய்த்தவர் அவர். இருவருக்கும் அதுதான் முதல் சாம்பியன் மோதிரம். பந்து அசைந்ததும் ஒருவரும் நின்று பார்க்கவில்லை, எல்லோரும் போய்க்கொண்டே பார்த்தார்கள். தப்பானால் என்ன ஆகும் என்ற கணக்கு அவர்கள் தலையில் ஓடவில்லை.

பதினொரு மாதத்தில் கூபியாக் உடல்நிலை காரணமாக ஓய்வுபெற்றார். புதிய தலைமை வந்தது, வேடின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் போனார். அங்கே தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்வேக்கு 30 வயது, இவருக்கு 69. பேரன் வயதுக்காரரின் கீழ் வேலை செய்ய அவருக்குக் கஷ்டமாக இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது வருஷம் சூப்பர் பவுல், அதில் நியூ இங்கிலாந்தை 13 புள்ளிக்குள் கட்டிப்போட்டார். ராம்ஸ் எடுத்தது 3. அதற்கடுத்த சீசன் முடிந்ததும் அங்கேயும் ஒப்பந்தம் முடிந்தது. 2023 வசந்தத்தில் எக்ஸ்.எஃப்.எல். என்ற சின்ன லீகின் ஹூஸ்டன் ரஃப்நெக்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்தபோது நான் மகனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஆட்டம் நடந்தது ஹூஸ்டன் பல்கலைக்கழக வளாகத்தில், அவர் படித்த இடத்தில். அரங்கம் நிறையவில்லை. களத்தில் இருந்தவர்கள் பெரிய லீக் வேண்டாம் என்று கழித்த பையன்கள், அவரவருக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்காதா என்ற தவிப்பு. 75 வயது மனிதர் ஓரத்தில் நின்று அவர்களை ஆடவிட்டுக்கொண்டிருந்தார். அந்த அணி 7 ஜெயித்து 3 தோற்றது. அடுத்த வருஷம் சான் அன்டோனியோ அணியை யு.எஃப்.எல். என்ற லீகின் இறுதி ஆட்டம்வரை கொண்டுபோனார்.

ஓஹியோவின் கேன்டனில் அமெரிக்கக் கால்பந்தின் பெருமைக்கூடம் இருக்கிறது. வேடிடம் வேலை கற்ற, அவர் கீழ் ஆடிய ரெஜி வைட், புரூஸ் ஸ்மித், ரிக்கி ஜாக்சன், எல்வின் பெத்தியா, டெமார்கஸ் வேர் எல்லோருக்கும் அங்கே சிலை உண்டு. தலைமைப் பயிற்சியாளர்களுக்கும் உண்டு, உரிமையாளர்களுக்கும் உண்டு, ரால்ஃப் வில்சனுக்கும் உண்டு. வாழ்நாள் முழுக்க உதவிக் கோச்சாக உழைத்தவர்களுக்கு அந்தக் கதவு திறப்பதில்லை. சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் விருதை வேடின் அணியில் இருந்தபடி வாங்கியவர்கள் நான்கு பேர்: 1987இல் வைட், 1996இல் ஸ்மித், 2012இல் வாட், 2017லும் 2018லும் ஏரன் டொனால்ட். நான்கு வெவ்வேறு ஊர்கள், முப்பது வருஷம். வாட்டும் டொனால்டும் ஆட்டத்தை விட்டு இன்னும் அதிக காலம் ஆகவில்லை, அவர்களுடைய முறை வரும். தேர்வுக் குழு அதற்கு முன்னாலேயே உட்கார்ந்து, உதவிக் கோச்சுகளுக்கென்று தனி இடம் ஒதுக்கி, முதல் பட்டியலில் வேட் பிலிப்ஸ் பெயரை எழுதவேண்டும். அவர் எண்பதை நெருங்குகிறார். அவர் கையாலேயே வாங்கட்டும்.